எந்த அவுன்ஸ், எந்த டன்?

பவுண்டு, அவுன்ஸ், ஸ்டோன், டன் என்று பழைய பிரிட்டிஷ் எடைகளில் சிக்கிக்கொண்டவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் ஒரு வரிதான் போட்டிருந்தேன். கட்டுக்கட்டாக வந்துவிட்டது. சரக்குக் கப்பல் அலுவலகத்தில் எடைச் சீட்டுகளோடு காலம் தள்ளியவன் என்பதால் இந்தப் பகுதியை என் தலையில் கட்டினார்கள், எனக்கும் ஆசைதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கிலோவைப் பவுண்டாகவும் பவுண்டைக் கிலோவாகவும் மனக்கணக்காகவே மாற்ற ஒரு சுருக்குவழி சொல்லுங்கள். கைப்பேசியில் தட்டினால் விடை வருகிறது, எதற்கு இந்த வேலை என்கிறான் என் மகன். (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை)

பதில்: கிலோவை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கை அதனோடு சேருங்கள். 70 கிலோ என்றால் 140, கூட 14, ஆக 154 பவுண்டு. சரியான விடை 154.3. திரும்பி வருவதற்குப் பாதியாக்கி, பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 180 பவுண்டில் பாதி 90, அதில் 9 போனால் 81 கிலோ. உண்மையில் 81.6. போகும்போது ஆயிரத்துக்கு இரண்டு பிசகும், வரும்போது நூற்றுக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவாகப் பிசகும். பெட்டி கட்டவும் உடம்பு எடை பேசவும் இது தாராளம். மருந்துக்கும் எரிபொருளுக்கும் கூடாது.

துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு பவுண்டு 0.45359237 கிலோ. இதில் ஏறக்குறைய என்ற பேச்சே கிடையாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் கூடிப் பேசி 1959 ஜூலை 1 முதல் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டன. அதற்கு முன் அமெரிக்கப் பவுண்டுக்கும் பிரிட்டிஷ் பவுண்டுக்கும் கடைசித் தசமங்களில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தது. அந்த எண்ணைச் சும்மா எடுத்துப் போடவில்லை என்பதையும் கவனியுங்கள், டீச்சர். 45359237-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 6479891 வரும். ஒரு பவுண்டில் கிரெயின் என்ற மிகச் சிறிய எடை 7000 என்பதால், ஒரு கிரெயின் என்பது மிச்சம் மீதி இல்லாமல் 64.79891 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. உங்கள் மாணவர்களுக்கு இது ஒரு நல்ல கணக்கு.

மகனிடம் இதைச் சொல்லுங்கள்: எந்த அவுன்ஸ், எந்த டன் என்று கைப்பேசி அவனைத் திருப்பிக் கேட்காது. தட்டிய பொத்தானுக்கு விடை தந்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஒரே பொருளைப் பவுண்டில் சொன்னால் எண் பெரிதாக இருக்க வேண்டும், கிலோவில் சொன்னால் சிறிதாக இருக்க வேண்டும். இந்த ஒரு நிதானம் மனத்தில் இருந்தால் பாதி விபத்து தவிர்ந்துவிடும். விபத்து என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கீழே ஒன்று வருகிறது.

கேள்வி: விமானப் பெட்டிக்கு 23 கிலோ, 32 கிலோ என்று ஏன் இப்படி அரைகுறை எண்கள்?

பதில்: பவுண்டில் அவை முழு எண்கள். 50 பவுண்டு 22.68 கிலோ, 70 பவுண்டு 31.75 கிலோ. வெளிநாட்டுப் பொட்டலங்களில் 454 கிராம், 340 கிராம், 227 கிராம் என்று பார்த்தாலும் அதே கதைதான்: ஒரு பவுண்டு, 12 அவுன்ஸ், 8 அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம் என்பதால், வித்தியாசமான மெட்ரிக் எண் எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் 28.35-ஆல் வகுத்துப் பார்ப்பது என் பழக்கம். பாதிக்குப் பாதி பிடிபட்டுவிடும்.

கேள்வி: உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் இத்தனை டாலர் என்று செய்தியில் சொல்கிறார்கள். நான் 28.35-ஆல் வகுத்துக் கிராம் விலை கண்டுபிடித்தால் எப்போதும் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதலாகவே வருகிறது. யார் ஏமாற்றுகிறார்கள்? (கல்லூரி மாணவர்)

பதில்: யாரும் ஏமாற்றவில்லை தம்பி. நீங்கள் வேறு அவுன்ஸால் வகுத்திருக்கிறீர்கள். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் மூன்றுக்கும் டிராய் அவுன்ஸ். அது 31.1034768 கிராம். மற்ற சாமான்களுக்கெல்லாம் அவர்டுபாய் அவுன்ஸ், 28.35 கிராம். செய்தியில் வெறுமனே அவுன்ஸ் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். 31.1-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு உட்கார்ந்துவிடும். பெரிய வங்கிகளின் பெட்டகங்களில் அடுக்கியிருக்கும் தங்கக் கட்டி ஒன்று சுமார் 400 அவுன்ஸ் என்பார்கள். அதுவும் டிராய் கணக்குதான்: 12.44 கிலோ. ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கிப் போடுவது சினிமாவில் மட்டும்தான் நடக்கும்.

இங்கேதான் அந்தப் பழைய விடுகதை வருகிறது. ஒரு பவுண்டு தங்கம் கனமா, ஒரு பவுண்டு இறகு கனமா? இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். கறாராகப் பார்த்தால் இறகுதான் கனம். இறகை நிறுக்கும் பவுண்டில் 7000 கிரெயின். தங்கத்துக்குரிய டிராய் பவுண்டில் 5760 கிரெயின்தான், அதாவது 373 கிராம். சரி, அப்படியானால் ஒரு அவுன்ஸ் இறகும் ஒரு அவுன்ஸ் தங்கத்தைவிடக் கனமாகத்தானே இருக்க வேண்டும்? அதுதான் இல்லை. டிராய் அவுன்ஸ் 480 கிரெயின், சாதாரண அவுன்ஸ் 437.5 கிரெயின். அவுன்ஸில் தங்கம் கனம், பவுண்டில் இறகு கனம். டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ், மற்றதற்கு 16 என்பதால் வரும் வினை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கிரெயின் ஒன்றுதான். அதனால்தான் இந்த இரண்டு குடும்பங்களுக்கு இடையே கணக்குப் போடும்போது நான் நேராகக் கிரெயினுக்கு இறங்கிவிட்டு மேலே ஏறுவேன்.

இன்னொன்றும் உண்டு. 1824-இல் பிரிட்டன் தன் அளவைகளை ஒழுங்குபடுத்திச் சட்டம் போட்டபோது தலைமைப் பீடத்தில் வைத்தது டிராய் பவுண்டைத்தான். 1758-இல் செய்த ஒரு பித்தளைக் கட்டி. அதைப் பாராளுமன்றக் கட்டடத்திலேயே வைத்திருந்தார்கள். 1834 அக்டோபர் 16 அன்று அந்தக் கட்டடம் எரிந்து போனது. காரணம் என்ன தெரியுமா? கருவூலத்தில் அந்தக் காலத்துக் கடன், வரவு எல்லாம் மரக்குச்சியில் வெட்டுப் போட்டுக் குறிப்பார்கள். வழக்கொழிந்த அந்தக் குச்சிகளைக் கீழ்த்தளத்து அடுப்பில் போட்டுக் கொளுத்தினார்கள், நெருப்பு மேலே ஏறிவிட்டது. பழைய கணக்கை எரிக்கப் போய் எடைக்கே ஆதாரமான கட்டியும் போயிற்று. பிறகு பிளாட்டினத்தில் புதிதாகச் செய்தபோது 7000 கிரெயின் பவுண்டை மூலமாக எடுத்துக்கொண்டார்கள். 1855-இல் அது சட்டமானது. 1878 சட்டத்தில் டிராய் பவுண்டையே ஒழித்துவிட்டார்கள். டிராய் அவுன்ஸ் மட்டும் தப்பிப் பிழைத்து, பிரிட்டனில் விலையுயர்ந்த உலோகங்களுக்கு இன்றும் செல்லுபடியாகிறது. தாய் செத்துப் பிள்ளை பிழைத்த கதை.

கேள்வி: பாரசிட்டமால் மாத்திரையில் 500 மில்லிகிராம் புரிகிறது. 650 எங்கிருந்து வந்தது? உங்கள் பகுதிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றால் மன்னிக்கவும்.

பதில்: சம்பந்தம் இல்லாமல் என்ன! இந்த முறை வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 650 என்பது 10 கிரெயின்.

மருந்தைக் கிரெயினில் நிறுத்துக் கொடுத்த காலத்தில் ஆஸ்பிரின் மாத்திரையின் வழக்கமான அளவு 5 கிரெயின். ஐந்தை 64.8-ஆல் பெருக்கினால் 324 மில்லிகிராம். அதை 325 என்று முழுதாக்கி மெட்ரிக்குக்கு மாறினார்கள். பாரசிட்டமாலுக்கும் அமெரிக்காவில் அதே 325 வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு மாத்திரை சேர்ந்தால் 650. இதயத்துக்காகத் தினமும் போடும் சிறிய ஆஸ்பிரின் சில நாடுகளில் 81 மில்லிகிராம். அது 325-இல் கால் பங்கு, அதாவது ஒன்றேகால் கிரெயின். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் 0.3, 0.4, 0.6 மில்லிகிராம் என்று வருகிறது. ஒரு கிரெயினில் 200-இல் ஒன்று, 150-இல் ஒன்று, 100-இல் ஒன்று என்று போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டால் அமெரிக்காவில் 16.2, 32.4, 64.8 மில்லிகிராம் மாத்திரைகளாகவே கிடைக்கிறது. கால், அரை, ஒரு கிரெயின். முழுதாக்கக்கூட மனம் வரவில்லை போலும்.

மருந்துச் சீட்டில் மட்டும் கிரெயின் இன்னும் தலைகாட்டினால் ஆபத்து. கிராமுக்கும் கிரெயினுக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஓரெழுத்துதான் வித்தியாசம். எடையிலோ பதினைந்து மடங்குக்கு மேல்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகன் குடும்பக் குழுவில் 7.8 பவுண்டு என்று போட்டிருந்தார். நான் கணக்குப் போட்டால் 3.54 கிலோ வருகிறது. மருத்துவமனை அட்டையில் 3.40 என்று இருக்கிறது. குழந்தை எடை குறைந்துவிட்டதா? (புதுப் பாட்டி)

பதில்: முதலில் வாழ்த்துகள் அம்மா. குழந்தை குறையவே இல்லை. உங்கள் மருமகன் எழுத நினைத்தது 7 பவுண்டு 8 அவுன்ஸ். நடுவில் புள்ளி வைத்துவிட்டார். ஏழு மணி எட்டு நிமிடத்தை 7.8 மணி என்று எழுதுகிற மாதிரிதான் இதுவும். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்பதால் 8 அவுன்ஸ் என்பது அரைப் பவுண்டு. ஆக 7.5 பவுண்டு. அவுன்ஸாக மாற்றினால் 7 பெருக்கல் 16, கூட 8, மொத்தம் 120 அவுன்ஸ். 28.35-ஆல் பெருக்கினால் 3402 கிராம். அட்டை சொல்வது சரி.

இந்தப் புள்ளி செய்கிற அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரியவர்கள் உடம்பு எடையை ஸ்டோனில் சொல்வார்கள். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, 6.35 கிலோ. அங்கே ஒருவர் தன் எடை 11 ஸ்டோன் 4 என்றால் 158 பவுண்டு, 71.7 கிலோ. அதை 11.4 என்று கணினியில் அடித்தால் 72.4 கிலோ காட்டும். 11 ஸ்டோன் 12 என்பவரை 11.12 என்று அடித்தால் இன்னும் வேடிக்கை: ஆள் கிட்டத்தட்ட ஐந்து கிலோ இளைத்துப்போவார். இரட்டை அலகில் எடை வந்தால் முதலில் எல்லாவற்றையும் சின்ன அலகுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் ஒரே ஒரு தடவை பெருக்குங்கள். புள்ளி கடைசியில் வந்தால் போதும்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், பாட்டிகளுக்குப் பயன்படும். பிறப்பு எடை 2500 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைந்த எடை என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். பவுண்டில் அது ஐந்தரை. உங்கள் பேரக்குழந்தை அந்தக் கோட்டிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. குழந்தையின் எடையை மருத்துவமனையில் யாராவது கேட்டால் மட்டும், எண்ணோடு அலகையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள் மகளிடம். 44 பவுண்டுக் குழந்தை 20 கிலோதான். வெறும் 44 என்று சொல்லி, எழுதுபவர் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

கேள்வி: குத்துச்சண்டையில் 112, 126, 147 பவுண்டு என்று எடைப் பிரிவுகள். யார் குலுக்கிப் போட்ட எண்கள் இவை?

பதில்: 14-ஆல் வகுங்கள். 8 ஸ்டோன், 9 ஸ்டோன், பத்தரை ஸ்டோன். லைட் ஹெவிவெயிட்டின் 175 பவுண்டு பன்னிரண்டரை ஸ்டோன்.

கேள்வி: பழைய சாமான்களில் ஓர் இரும்பு எடைக்கல் கிடைத்தது. மேலே பிடி, பக்கத்தில் 56 என்ற எண், ஒரு குழியில் சாம்பல் நிற உலோகம் அடைத்து அதன்மேல் கிரீடம் மாதிரி ஒரு முத்திரை. 56 கிலோ என்று நினைத்துத் தூக்கினால் அவ்வளவு கனமில்லை. உள்ளே பொத்தலா? அடைத்திருப்பதைச் சுரண்டிப் பார்க்கலாமா? (பழம்பொருள் சேகரிப்பவர்)

பதில்: சுரண்டாதீர்கள்! கையை எடுங்கள் முதலில்.

அது 56 பவுண்டு, அதாவது 25.4 கிலோ. அரை ஹண்டர்வெயிட். இலங்கைத் தமிழர்கள் அந்தர் என்பது இந்த ஹண்டர்வெயிட்டைத்தான். இரும்பை வார்க்கும்போது எடை பவுண்டு சுத்தமாக வராது. அதனால் கொஞ்சம் குறைவாகவே வார்த்து, ஒரு குழி விட்டு, அதில் ஈயத்தை ஊற்றித் தராசில் வைத்துச் சரிக்கட்டுவார்கள். நீங்கள் பார்த்த சாம்பல் நிறம் அந்த ஈயம். எடை சரியானதும் ஆய்வாளர் அந்த ஈயத்தின் மேலேயே முத்திரை அடிப்பார். ஈயம் மெத்தென்று இருப்பதால் முத்திரை நன்றாகப் பதியும். அதைவிட முக்கியம், யாராவது எடையைக் குறைக்க ஈயத்தைச் சுரண்டினால் முத்திரையும் கூடவே சிதையும், திருட்டு காட்டிக்கொடுத்துவிடும். கிரீடத்துக்குக் கீழே ஆங்கில எழுத்துகள் தெரிகின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். அரசர் அல்லது அரசியின் பெயரெழுத்து இருந்தால் எந்த ஆட்சிக் காலத்தில் சோதித்தது என்று தெரிந்துவிடும்.

ஒரு ஹண்டர்வெயிட்டுக்கு ஏன் 112 பவுண்டு, நூறு என்று வைத்திருக்கக் கூடாதா என்று வேறு நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். எட்டு ஸ்டோன் சேர்ந்தால் 112, அவ்வளவுதான் நேரடிக் காரணம். தராசுத் தட்டில் நின்று பார்த்தால் அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. 112-ஐப் பாதியாக்கினால் 56. பின்னும் பாதி 28, பிறகு 14, பிறகு 7. நாலு தடவை பாதியாக்கியும் முழுப் பவுண்டில் நிற்கிறது. எடைக்கல் வரிசையே அப்படித்தான் வரும்: 56, 28, 14, 7. நூறைப் பாதியாக்கினால் 50, 25, மூன்றாவது தடவையே பன்னிரண்டரை. இரண்டு தட்டு வைத்துச் சரிபாதி பிரித்தே பிழைத்தவர்களுக்கு 112 ஒன்றும் கோணல் எண் இல்லை. பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தலைவலி.

அமெரிக்கர்கள் அந்தத் தலைவலியைத் தாங்கவில்லை. ஹண்டர்வெயிட் என்றால் 100 பவுண்டு என்று வைத்துக்கொண்டார்கள். டன்னுக்கு இரு பக்கமும் 20 ஹண்டர்வெயிட்தான். ஆக பிரிட்டிஷ் டன் 2240 பவுண்டு, அமெரிக்க டன் 2000 பவுண்டு. கிலோவில் முன்னது 1016, பின்னது 907. நடுவில் மெட்ரிக் டன் 1000. பிரிட்டிஷ் டன்னும் மெட்ரிக் டன்னும் ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சின்ன வித்தியாசம்தான் கப்பல் நிறைய ஏறும்போது பெரிதாகும். 1922-இல் வாஷிங்டனில் கடற்படை ஒப்பந்தம் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு போர்க்கப்பல் 35,000 டன்னைத் தாண்டக் கூடாது என்று எழுதியவர்கள், டன் என்றால் 2240 பவுண்டு என்று ஒப்பந்தத்துக்குள்ளேயே விளக்கம் போட்டுவிட்டார்கள். இல்லாவிட்டால் அமெரிக்க டன்னுக்கும் பிரிட்டிஷ் டன்னுக்கும் நடுவில் ஒரு கப்பலுக்கு நாலாயிரம் டன் வரை சண்டை போடலாமே. வியாபாரக் கடிதம் எழுதுகிறவர்கள்கூட இந்த மரியாதையைச் செய்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கேள்வி: அளவு மாற்றத்தில் தப்பு செய்து நிஜமாகவே பெரிய ஆபத்து நடந்திருக்கிறதா, அல்லது பள்ளிக்கூடத்தில் பயமுறுத்துவதற்காகச் சொல்கிறார்களா?

பதில்: 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143-ஆம் எண் விமானம், போயிங் 767 ரகம், மான்ட்ரியலில் கிளம்பி ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். அன்று எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. இனி லிட்டரைக் கிலோவாக மாற்றினால் எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும்.

காகிதத்தில் ஒரு லிட்டருக்கு 1.77 என்ற எண் இருந்தது. அதுவரை அவர்கள் ஓட்டிய விமானங்களுக்கெல்லாம் அதுதான் எண். லிட்டருக்கு 1.77 பவுண்டு. இந்தப் புது 767-க்குக் கிலோக் கணக்கு, லிட்டருக்கு 0.8 என்று போட்டிருக்க வேண்டும். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினார்கள். 13,597 வந்தது. அதைக் கிலோ என்று நினைத்து 22,300-இலிருந்து கழித்தார்கள். 8,703 மிச்சம். அதை மறுபடி 1.77-ஆல் வகுத்து 4,916 லிட்டர் போதும் என்று நிரப்பினார்கள். உண்மையில் வேண்டியது 20,000 லிட்டருக்கு மேல்.

கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை, பாருங்கள். யார் திரும்பப் போட்டாலும் அதே விடைதான் வந்திருக்கும். ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடி அளந்தார்கள், மறுபடி 1.77-ஆலேயே பெருக்கினார்கள், மறுபடி சரியாகவே வந்தது. விமானத்தில் 22,300 இருந்தது வாஸ்தவம்தான், பவுண்டில். கிலோவில் பத்தாயிரத்துச் சொச்சம், வேண்டியதில் பாதிகூட இல்லை. நான் முதல் பதிலில் சொன்ன நிதானம் இங்கே உதவியிருக்கும்: விமான எரிபொருள் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோதான். லிட்டர் எண்ணைவிடக் கிலோ எண் பெரிதாக வந்ததைப் பார்த்த உடனேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீர்ந்து முதலில் ஒரு எஞ்சின் நின்றது, கீழே இறங்கத் தொடங்கியபின் மற்றதும் நின்றது. கேப்டன் ராபர்ட் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. துணை விமானி மோரிஸ் கின்டாலுக்கு கிம்லி என்ற ஊரில் ஒரு பழைய விமானப்படைத் தளம் இருப்பது தெரிந்திருந்தது. அந்த ஓடுபாதை கார் பந்தயத் தடமாகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியாது. பந்தயக் கூட்டம் அங்கே இருக்கும்போதே போய் இறங்கினார்கள். முன் சக்கரம் மடங்கிப் போனது. விமானத்தில் இருந்த 69 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

1999-இல் நாசாவின் செவ்வாய் ஆய்வுக் கலம் தொலைந்ததும் பவுண்டால்தான். ஆனால் அது விசையை அளக்கும் பவுண்டு, நியூட்டனோடு குழம்பியது. எடைப் பவுண்டின் ஒன்றுவிட்ட தம்பி. அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எட்டு அவுன்ஸ் எண்ணெய் என்று வெளிநாட்டுக் குறிப்பில் இருக்கிறது. தராசில் 227 கிராம் நிறுக்கலாமா?

பதில்: திரவத்துக்குச் சொல்லும் அவுன்ஸ் பெரும்பாலும் கொள்ளளவு. பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் 28.4 மில்லி, அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.6 மில்லி. பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் தண்ணீர் ஒரு அவுன்ஸ் எடை இருக்கும்படி அமைத்திருந்தார்கள், அது தண்ணீருக்கு மட்டும். எண்ணெய் லேசு. தராசை ஓரமாக வைத்துவிட்டு அளவுக் குவளையை எடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய சரக்குச் சீட்டில் 3 டன், 7 ஹண்டர்வெயிட், 2 குவார்ட்டர், 11 பவுண்டு என்று நான்கு பத்திகளில் எழுதியிருக்கிறது. கிலோவில் எவ்வளவு? எப்படிப் போட்டீர்கள் என்றும் காட்டவும்.

பதில்: இடமிருந்து வலமாகப் படி இறங்குங்கள். 3 டன்னை 20-ஆல் பெருக்கினால் 60, கூட 7, ஆக 67 ஹண்டர்வெயிட். ஒரு ஹண்டர்வெயிட்டுக்கு 4 குவார்ட்டர். 268, கூட 2, ஆக 270. ஒரு குவார்ட்டர் 28 பவுண்டு. 7,560, கூட 11, ஆக 7,571 பவுண்டு. இப்போதுதான் 0.45359237-ஐ வெளியே எடுக்க வேண்டும். 3,434.15 கிலோ. சரிபார்க்க, பவுண்டைப் பாதியாக்கிப் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 3,407. பக்கத்தில் வந்துவிட்டது, போதும்.

இது பிரிட்டிஷ் சீட்டு என்று வைத்துப் போட்டது. குவார்ட்டருக்குத் தனிப் பத்தியே இருப்பதால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒருவேளை அமெரிக்கச் சீட்டாக இருந்தால் ஹண்டர்வெயிட் 100, குவார்ட்டர் 25. மொத்தம் 6,761 பவுண்டு, 3,066.7 கிலோ. முன்னூற்று அறுபத்தேழு கிலோ அடிபடுகிறது. சீட்டின் தலைப்பில் எந்தத் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு என்று அச்சடித்திருக்கும், பார்த்து எழுதுங்கள். பவுண்டுப் பத்தியில் எங்காவது 25, 26, 27 என்ற எண் தட்டுப்பட்டாலும் சொல்லுங்கள். 25 பவுண்டுக் குவார்ட்டராக இருந்தால் அந்தப் பத்தியில் 24-க்கு மேல் வர வழியே இல்லை.